ஹாலோவீன் பம்ப்கின்ல போட்டோ மாதிரி முகம் செதுக்குறது எப்படி?

கேட்ட விஷயம் சுருக்கமா இது தான்: அமெரிக்கா வந்து முதல் ஹாலோவீன், பொண்ணு வீட்டு நாயோட முகத்த பம்ப்கின்ல செதுக்கித் தரச் சொல்றா, வீடியோல பாத்தா போட்டோவ எடுத்து ஒட்டுன மாதிரி தத்ரூபமா ஜொலிக்குது, கிச்சன் கத்திய வச்சு இதப் பண்ண முடியுமா, நல்லா வரையத் தெரிஞ்சா தான் வருமா.

வரையத் தெரியணும்னு அவசியமே இல்லங்க. கிச்சன் கத்தி, பம்ப்கினுக்குள்ள கை விட்டுக் குடைய ஒரு வாசல் வெட்டுறதுக்கு மட்டும் போதும், அதுக்கு மேல அத வச்சு ஒண்ணும் பண்ண வேணாம், கையத் தான் வெட்டிக்குவீங்க. இதுல நிஜமான வேலை எங்க இருக்குன்னா சதையோட கனத்துல இருக்கு. டார்ச்ச உள்ளங்கையில வச்சு அழுத்துனா விரல் ஓரமெல்லாம் செவப்பா தெரியும்ல, அதே கணக்கு தான் இங்கயும். தோல் அப்படியே இருக்குற இடம் இருட்டுல கறுப்பா தெரியும். தோல மட்டும் சீவுன இடம் மங்கலா ஒரு செவப்பு கலந்த ஆரஞ்சுல தெரியும். இன்னும் கொஞ்சம் ஆழமா சீவுனா நல்ல ஆரஞ்சு, கால் இன்ச் சதை தான் மிச்சம்னா பளிச்னு மஞ்சள், முழுசா ஓட்டை போட்டுட்டா வெள்ளை. இந்த அஞ்சு ஷேட இஷ்டப்படி வரவைக்கத் தெரிஞ்சிட்டா முகம் தானா வந்துரும். அதனால இத நான் கத்தி வேலைன்னு சொல்லவே மாட்டேன், வெளிச்சத்த அளந்து வைக்கிற வேலைன்னு தான் சொல்வேன்.

கடைகள்ல கிடைக்குற பேட்டர்ன் புக் எல்லாம் பெரும்பாலும் ஓட்டை போடுற முறைக்கானது, அதையும் இதையும் சேத்துக் குழப்பிக்காதீங்க. ஓட்டை முறைல ரெண்டே நிறம், கறுப்பும் வெளிச்சமும், அவ்ளோ தான். அதுல உள்ள பெரிய சிக்கல் என்னன்னா கறுப்பா இருக்க வேண்டிய ஒவ்வொரு துண்டும் எங்கயாவது ஒட்டிட்டு இருக்கணும், உங்க நாயோட கண்ணுல பாப்பா கறுப்பு, சுத்தி வெளிச்சம்னு வெட்டுனீங்கன்னா அந்தப் பாப்பா பிடிமானம் இல்லாம உள்ள விழுந்துரும், அதுக்காக ஒரு பாலம் விடணும், பாலம் விட்டா கண்ணு விகாரமாகும். சீவுற முறைல இந்தத் தலைவலி கிடையாது, ஏன்னா எதுவும் முழுசா வெட்டுப்படறதே இல்ல, எல்லாத்துக்கும் பின்னாடி சதை பிடிச்சிட்டு இருக்கு. முகம், மீசை, முடி இந்த மாதிரி நுணுக்கம் வேணும்னா சீவுறது தான் வழி.

இந்த ஊர்க்காரங்களுக்கும் இது ஆதியில இருந்து இருந்த கலை இல்ல. அயர்லாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் டர்னிப் கிழங்கக் குடைஞ்சு பயமுறுத்துற மூஞ்சி வெட்டி உள்ள மெழுகுவத்தி வச்சாங்க. மேயோ கவுண்டில இருக்க அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துல பழைய டர்னிப் விளக்கு ஒண்ணோட அச்சு வார்ப்பு இருக்கு, படத்த தேடிப் பாருங்க, இன்னிக்கு பாத்தாலும் நிஜமாவே பயமா இருக்கும். அங்கிருந்து அமெரிக்கா வந்தவங்க இங்க பெருசா, குடைய ஈஸியா இருந்த பம்ப்கினுக்கு மாறுனாங்க. அப்பறம் ரொம்ப காலத்துக்கு முக்கோணக் கண்ணு, பல்லு வச்ச வாய் தான். விஸ்கான்சின் மாநிலம் ரசீன் ஊர்ல பால் பார்டீன்னு ஒருத்தர் குடும்பத்துக்காக மெல்லிசான குட்டி ரம்பங்களும் பேட்டர்ன்களும் செஞ்சு வச்சிருந்தார், அவர் காலத்துக்கு அப்பறம் 1980கள்ல அவர் பிள்ளைங்க அத பம்ப்கின் மாஸ்டர்ஸ்னு பிஸினஸா ஆக்குனாங்க. இன்னிக்கு சூப்பர் மார்க்கெட்ல தொங்குற ஆரஞ்சு கைப்பிடி கிட் எல்லாம் அந்த வழில வந்தது தான். அந்த ரம்பம் ஏன் பெரிய விஷயம்னா, கிச்சன் கத்தியோட அகலமான தகடு சதைக்குள்ள திரும்பாது, குறுகலான ரம்பம் வளைவுல திரும்பும், அதனால தான் படம்னு ஒண்ணு சாத்தியமாச்சு. அப்பறம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், பிரிண்டர் வந்ததும் போட்டோவையே பேட்டர்னா மாத்துறது சாதாரணமாயிருச்சு.

சரி, இப்ப உங்க நாய்க்கு வருவோம்.

போட்டோ தேர்ந்தெடுக்குறதுலயே பாதி முடிவு ஆயிருது. பிளாஷ் போட்டு நேருக்கு நேரா எடுத்த போட்டோ வேணாம், அதுல முகம் முழுக்க ஒரே வெளிச்சமா சப்பையா இருக்கும். ஜன்னல் ஓரமா உக்கார வச்சு ஒரு பக்கத்துல இருந்து வெளிச்சம் விழுற மாதிரி எடுங்க, மூக்குத்தண்டுல ஒரு பக்கம் பளிச், மறு பக்கம் நிழல்னு வரணும். முகம் மட்டும் பிரேம்ல நிறையட்டும், உடம்பு வேணாம். பிறகு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ கறுப்பு வெள்ளையாக்கி, காண்ட்ராஸ்ட்ட ஏத்தி, போஸ்டரைஸ்னு ஒரு எஃபெக்ட் இருக்கும், ஃபோட்டோஷாப்ல, காசில்லாத கிம்ப்ல ரெண்டுலயும் இருக்கு, அதுல மூணோ நாலோ லெவல் குடுத்தீங்கன்னா படம் கறுப்பு, அடர் சாம்பல், வெளிர் சாம்பல், வெள்ளைன்னு திட்டு திட்டா பிரிஞ்சிரும். இந்தத் திட்டுகள் தான் உங்க வரைபடம். கறுப்புத் திட்டுன்னா தோல தொடாத, அடர் சாம்பல்னா தோல் மட்டும், வெளிர்னா பாதி ஆழம், வெள்ளைன்னா கால் இன்ச் சதை மிச்சம் இருக்குற வரைக்கும். முதல் தடவைக்கு மூணு லெவல் போதும்.

நாய் கறுப்பு லாப்ரடார்னா கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. முழுக்க கறுப்பா விட்டா அங்க ஒண்ணுமே தெரியாது, அப்போ பின்னணிய சீவி வெளிச்சமாக்கி நாயோட உருவத்த இருட்டா நிறுத்தணும், முடில விழுற பளபளப்ப மட்டும் கீறி எடுக்கணும். நெத்தில வெள்ளைக் கோடு இருக்க பிரவுன் நாய்னா உங்களுக்கு லக், பம்ப்கினுக்குன்னே பொறந்த முகம் அது.

பம்ப்கின் வாங்கும்போது ரெண்டு மூணு தூக்கிப் பாத்து ஒரே சைஸ்ல எது கனமா இருக்கோ அத எடுங்க, கனம்னா சுவர் தடிமன்னு அர்த்தம், சீவுறதுக்கு தடிமன் வேணும். ஒரு பக்கமாவது வரிப்பள்ளம் அதிகமில்லாம வழவழன்னு இருக்கணும், ஆழமான வரி முகத்து நடுவுல வந்தா வெளிச்சம் அங்க தாறுமாறா போகும். காம்பு பச்சையா உறுதியா இருக்கணும், ஆனா காம்பப் பிடிச்சுத் தூக்காதீங்க, உடைஞ்சா அந்த எடத்துல தான் முதல்ல அழுகும். அடில, காம்பச் சுத்தி அமுக்கிப் பாருங்க, மெத்துனு அமுங்குச்சுன்னா வாங்காம திரும்ப வச்சிருங்க. செதுக்குறதுக்குன்னு இங்க விக்கிறதுல ஹௌடன்னு ஒரு ரகம் ரொம்பப் பிரபலம், மாசச்சூசெட்ஸ் விவசாயி ஒருத்தர் உருவாக்குனது. செதுக்குறதுக்கு வர்றது எல்லாம் சதை நாரா, தண்ணியா இருக்கும், அதுல கூட்டோ சாம்பாரோ வச்சீங்கன்னா நம்ம பரங்கிக்காய் ருசிய எதிர்பாத்து ஏமாந்துருவீங்க. விதைய மட்டும் கழுவி காயவச்சு உப்பு, மிளகாத்தூள், எண்ணெய் போட்டு ஓவன்ல வறுத்துக்கோங்க, அருமையா இருக்கும்.

வாசல மேல வெட்ட வேணாம், அடிலயோ முதுகுலயோ வெட்டுங்க. மேல வெட்டுனா மூடியோட கோடு படத்துக்கு மேல தெரியும், அதோட மூடி ரெண்டு நாள்ல சுருங்கி உள்ள விழும். அடில வெட்டிட்டா விளக்க தரைல வச்சு அது மேல பம்ப்கின கவுத்து வச்சா முடிஞ்சுது. உள்ள நாரையும் விதையையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு, படம் வரப்போற பக்கத்துச் சுவர மட்டும் உலோகக் கரண்டியால நல்லா பலமா சுரண்டுங்க, சுமார் ஒரு இன்ச் தடிமனுக்கு வரட்டும். எப்படி அளக்குறதுன்னா படம் வராத ஒரு ஓரத்துல குண்டூசியோ பல்குச்சியோ குத்திப் பாருங்க. சுவர் எல்லா எடத்துலயும் ஒரே தடிமனா இருக்குறது தான் இங்க முக்கியம், உள்ள மேடு பள்ளமா விட்டுட்டா வெளிய எவ்ளோ அழகா சீவுனாலும் வெளிச்சம் திட்டுத்திட்டா வரும். பல பேர் இந்த வேலைய போர்னு அவசரமா முடிச்சிட்டு அப்பறம் நாலு மணி நேரம் முன்பக்கத்துல போராடுறாங்க. இங்க கூடுதலா ஒரு அரை மணி நேரம் செலவழிங்க.

பேட்டர்ன் பேப்பர் தட்டை, பம்ப்கின் உருண்டை, அதனால பேப்பரோட நாலு ஓரத்துலயும் உள்நோக்கி சின்னச் சின்ன வெட்டு போட்டுக்கோங்க, முதல்ல நடு மூக்க ஒட்டிட்டு அங்கிருந்து வெளிய தடவிட்டே ஒட்டுங்க, சுருக்கமெல்லாம் ஓரத்துக்குப் போயிரும், கண்ணு கோணாது. திட்டுகளோட எல்லைக் கோடு மேல குண்டூசியால நெருக்க நெருக்கமா புள்ளி குத்துங்க, தோல தாண்டுனா போதும், ஆழம் வேணாம். பேப்பர எடுத்துட்டு மைதா மாவ லேசா தடவி விட்டீங்கன்னா புள்ளியெல்லாம் கோலப்புள்ளி வச்ச மாதிரி வெள்ளையா தெரியும். பேப்பரத் தூக்கிப் போடாதீங்க, எந்தத் திட்டு எந்த லெவல்னு கடைசி வரை பாத்துட்டே இருக்கணும்.

டூல்ஸ் மூணு போதும். லினோகட் (ஷீட்ல படம் செதுக்கி அச்சு எடுக்குற கலை) பண்றவங்க யூஸ் பண்ற வி ஷேப் கட்டர், களிமண் வேலைக்காரங்க வச்சிருக்க கம்பி வளையம் மாட்டுன சுரண்டி, கூரான ஒரு கிராஃப்ட் கத்தி. ஆர்ட் சப்ளை கடைல எல்லாமே கிடைக்கும். கிராஃப்ட் கத்தியால எல்லைக் கோட்டுல தோல மட்டும் கீறி விட்டுட்டு அப்பறம் உள்பக்கம் சீவுங்க, கீறல் போடாம சீவுனா தோல் உரிஞ்சு எல்லை தாண்டி ஓடிரும். நீங்க வலது கைக்காரர்னா இடது கைய எப்பவும் கட்டருக்குப் பின்னாடி வச்சுக்கோங்க, முன்னாடி வேணாம், தோல் திடீர்னு வழுக்கும்.

படத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணச் சொல்வேன், இத யாரும் சொல்றதில்லைங்கிறது எனக்கு வருத்தம். முன்பக்கத்துலயே படம் வராத ஒரு ஓரத்துல, இல்ல அதே தடிமன்ல இருக்க பக்கவாட்டுல, தபால்தலை சைஸ்ல நாலு கட்டம் போடுங்க. ஒண்ணுல தோல் மட்டும், அடுத்ததுல அதவிட ஆழம்னு படிப்படியா சீவிட்டு, உள்ள விளக்க வச்சு லைட்ட அணைச்சுப் பாருங்க. ஒவ்வொரு பம்ப்கினும் ஒரு மாதிரி, சதையோட நிறமும் ஈரமும் மாறும், அதனால உங்க கைல இருக்கிற பம்ப்கின் எந்த ஆழத்துல எந்த மஞ்சள குடுக்கும்னு அது தான் சொல்லும், வீடியோக்காரர் சொல்ற அளவு கிடையாது.

இனி சீவுறது. முதல்ல கறுப்பு தவிர்த்து மத்த எல்லாத் திட்டுலயும் தோல மட்டும் எடுத்துருங்க. அப்பவே உள்ள விளக்க வச்சு, ரூம பாதி இருட்டாக்கிட்டு வேலைய தொடருங்க. வெளிச்சத்துல உக்காந்து சீவுனா ஆழம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, எல்லாமே ஒரே மஞ்சளா தான் இருக்கும், ஆனா இருட்டுல ஒரு சுரண்டலுக்கு ஒரு ஷேட் கூடுறது அப்படியே தெரியும், அந்த நிமிஷத்துல தான் இந்த வேலை எவ்ளோ அழகானதுன்னு புரியும், நான் எத்தன பேருக்கு சொல்லிக் குடுத்தாலும் அந்த இடத்துல எல்லாரும் ஒரு நிமிஷம் கைய நிறுத்திட்டுப் பாப்பாங்க. ஒவ்வொரு லெவலா ஆழப்படுத்திட்டே போங்க. எடுத்த சதைய திரும்ப வைக்க முடியாது, அதனால ஒவ்வொரு திட்டையும் தேவைக்கு ஒரு படி இருட்டாவே நிறுத்திட்டு, முழுப் படத்தையும் ரெண்டடி தள்ளி நின்னு பாத்துட்டு அப்பறம் மிச்சத்த எடுங்க. சதைல கசியுற தண்ணிய அப்பப்ப துடைச்சுக்கோங்க, ஈரம் பளபளன்னு கண்ண ஏமாத்தும்.

கண்ணுக்கு ஒரு தனி கவனம் வேணும். நாயோட கண்ணுல வெள்ளை கிட்டத்தட்ட தெரியாது, பாப்பாவும் அதச் சுத்தி பிரவுனும் தான். பாப்பாவோட தோல தொடாதீங்க, பிரவுன் வளையத்த பாதி ஆழத்துக்கு எடுங்க, கீழ்ப்பாதில கொஞ்சம் கூடுதலா எடுங்க, ஏன்னா மேல் இமையோட நிழல் மேல்பாதில விழும். கடைசியா பாப்பாவோட மேல் ஓரத்துல, ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கத்துல, பல்குச்சியால ஒரே ஒரு புள்ளி முழுசா துளைச்சு விடுங்க. அது வரைக்கும் பொம்மையா இருந்த முகம் அந்தப் புள்ளி விழுந்ததும் உங்களப் பாக்க ஆரம்பிச்சிரும். முடிக்கு வி கட்டர் தான், முடி எந்தப் பக்கம் படிஞ்சிருக்கோ அந்தத் திசைல மூக்குல இருந்து வெளிப்பக்கமா சின்னச் சின்ன கோடு, ஒண்ணு மேல ஒண்ணு, நீளம் மாத்தி மாத்தி. ஒரே அளவுல வரிசையா போட்டா சீப்பு மாதிரி செயற்கையா தெரியும். திட்டோட எல்லைய நேர்க்கோடா விடாம இந்த முடிக்கோடுகளால உடைச்சு விட்டா ஒரு ஷேட்ல இருந்து அடுத்ததுக்கு இயல்பா கலக்கும். மூக்கு முழுக்க தோலோட கறுப்பு, அதுல மேல ஒரு மெல்லிசான ஈரப் பளபளப்பு, தோல மட்டும் எடுத்தா போதும்.

ஓட்டையும் சேத்து போடுறதா இருந்தா எல்லா சீவுற வேலையும் முடிஞ்ச பிறகு போடுங்க, நடுவுல இருக்க சின்ன ஓட்டை முதல்ல, வெளிய இருக்க பெருசு கடைசில. பெருச முதல்ல வெட்டிட்டா சுவர் பலம் போய் சின்னது வெட்டும்போது ஒடியும். ஒடிஞ்சா பல்குச்சிய ரெண்டு துண்டுக்கும் நடுவுல குத்தி ஒட்ட வச்சுக்கலாம், வெளிய தெரியாது.

விளக்கு விஷயத்துல மெழுகுவத்தி வேணாம்னு கண்டிப்பா சொல்வேன். சீவுன பம்ப்கினுக்கு மெழுகுவத்தி வெளிச்சம் பத்தவே பத்தாது, சூட்டுல உள்பக்கம் வெந்து சீக்கிரம் தொங்கிரும், வாசப்படில குழந்தைங்க நீளமான காஸ்ட்யூம் போட்டு வருவாங்க, நெருப்பு எதுக்கு. பிரகாசமான வார்ம் ஒயிட் எல்இடி வைங்க, நீலம் கலந்த வெள்ளை வச்சா ஆரஞ்சு செத்துப் போயிரும். பல்பு படத்துக்கு நேர் பின்னாடி ஒட்டி இருக்கக் கூடாது, நடுவுல ஒரு வெளிச்சப் பொட்டு விழும், கொஞ்சம் தள்ளி கீழ வைங்க.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். பம்ப்கின் சதைல பத்துல ஒன்பது பங்கு தண்ணி, தோல எடுத்த உடனே காய ஆரம்பிச்சிரும், ஓரம் சுருளும், பூஞ்சை பிடிக்கும். அக்டோபர் 31 சாயங்காலம் வேணும்னா 29லயோ 30லயோ தான் செதுக்கணும், டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி சூடான ஊர்னா 30 தான். உள்ள மட்டும் குடைஞ்சு சுவர சுரண்டுற வேலைய அதுக்கு முந்தின நாளே பண்ணிக்கலாம். முடிச்சதும் சீவுன இடத்துல எல்லாம் வாசலின் மெல்லிசா தடவுங்க, ஈரம் போறது குறையும். ராத்திரி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைக்க முடிஞ்சா வைங்க. வாடிப் போச்சுன்னா குளிர்ந்த தண்ணில சில மணி நேரம் முக்கி வச்சா நல்லாவே நிமிரும். சில பேர் பூஞ்சைக்கு ஒரு கேலன் தண்ணில ஒரு டேபிள்ஸ்பூன் பிளீச் கலந்து முக்குவாங்க, அது வேலை செய்யும், ஆனா பிளீச்சோட வினிகர எந்தக் காரணத்துக்காகவும் கலந்துராதீங்க, குளோரின் வாயு வரும். வீட்டு நாய் நக்குற எடத்துல வைக்கிறதா இருந்தாலும், அணில் வந்து கடிக்கிற வாசலா இருந்தாலும் பிளீச்சே வேணாம்.

வருஷக்கணக்கா இருக்கணும்னா ஃபோம்ல செஞ்ச செயற்கை பம்ப்கின் கிடைக்கும். அதுல தூசி பறக்கும், மாஸ்க் போட்டுக்கணும், உள்ள நெருப்பு வைக்கவே கூடாது. வேலைப்பாடு நல்லா வரும், ஆனா அந்த செவப்புல இருந்து மஞ்சளுக்கு மாறுற ஒளி நிஜ சதைல மாதிரி வராதுங்கிறது என் அபிப்பிராயம்.

வீடியோல முழு ராட்சசன் மாதிரி பல்லும் சுருக்கமுமா 3டில செதுக்குறாங்களே, அது வேற கலை. மிச்சிகன்ல டிராயிங் வாத்தியாரா இருந்த ரே வில்லஃபேன் அதுல பெரிய பேர். அந்த முறைல குடையவே மாட்டாங்க, முழுச் சதைல களிமண் மாதிரி செதுக்கி வெளிய இருந்து லைட் அடிப்பாங்க, அதனால இங்க சொன்ன கணக்கு எதுவும் அதுக்கு ஒத்து வராது. நியூயார்க் பக்கம் இருந்தா அக்டோபர்ல குரோட்டன் ஆன் ஹட்சன்ல நடக்குற கிரேட் ஜாக் ஓ லாண்டர்ன் பிளேஸ்ங்கிற (Blaze) பம்ப்கின் விளக்குக் கண்காட்சிக்குப் போங்க, ஆயிரக்கணக்குல வச்சிருப்பாங்க. ரோட் ஐலண்ட் பிராவிடன்ஸ்ல ரோஜர் வில்லியம்ஸ் பார்க் ஜூல நடக்குறது இன்னும் உங்களுக்கு உபயோகம், அங்க சீவி செதுக்குன முகங்களே ஏராளம், கிட்டப் போய் எந்த எடத்துல எவ்ளோ ஆழம் எடுத்திருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க.

முடிச்சதும் போட்டோ எடுக்குறதுன்னா முழு இருட்டு வேணாம், பொழுது சாஞ்சு வானத்துல கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும்போது போன எது மேலயாவது சாச்சு வச்சு, பிளாஷ அணைச்சு, முகத்துல பளிச்னு இருக்க இடத்த தொட்டு எக்ஸ்போஷர குறைச்சு எடுங்க, இல்லன்னா நீங்க கஷ்டப்பட்டுப் பிரிச்ச ஷேட் எல்லாம் போட்டோல ஒரே வெள்ளையா வெளுத்துரும். பொண்ணுக்கு கத்தி குடுக்க வேணாம், ஆனா புள்ளி குத்துறது, மாவு தடவுறது, விதை எடுக்குறது எல்லாம் அவளே பண்ணட்டும், இருட்டுல உக்காந்து எந்த எடம் இன்னும் வெளிச்சமாகணும்னு சொல்ற வேலையும் அவளுக்கே குடுங்க, குழந்தைங்க கண்ணு இதுல ரொம்பத் துல்லியம்.